கேரவனும் கூடாரமும்: தருமபுரி, கிருஷ்ணகிரித் தோட்டங்களில் முகாமிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேரவன் (தங்குவதற்கு ஏற்றபடி அமைத்த வண்டி) நிறுத்தவும் கூடாரம் அடிக்கவும் இடம் தருபவர் பெரும்பாலும் விவசாயிதான். மாந்தோப்பின் ஓரத்தில் புல்லைச் செதுக்கி, ஒரு குளியலறை கட்டி, ஒரு தண்ணீர்க் குழாய் போட்டிருப்பார். விதிகள் எழுதிய பலகை எதுவும் இருக்காது. நீங்கள் சொட்டுநீர்க் குழாயின் மேல் முளை அடித்தாலும், நள்ளிரவில் பாட்டு வைத்தாலும், வீடு தேடி வந்தவர்களை எப்படிக் கடிந்துகொள்வது என்று பேசாமல் நகர்ந்துவிடுவார். அடுத்த முறை அழைக்கும்போது "இடம் இல்லைங்க" என்பார். எதற்காக என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1901-இலும் 1907-இலும் தொடங்கிய முகாம், கேரவன் சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. கேரவன் தளங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1960-இல் சட்டமே வந்துவிட்டது. தளத்தில் பொறுப்பாளர் ஒருவர் நின்று, வண்டியின் எந்த மூலை எந்த அடையாளக் குச்சிக்கு நேராக வர வேண்டும் என்று கைகாட்டுவார். அங்கேயும் பண்ணைகளில் ஐந்து கேரவன்கள் வரை மட்டும் நிற்கும் சிறு தளங்கள் உண்டு. சங்கத்தின் சான்றிதழ் இருந்தால் அவற்றுக்குத் தனி உரிமம் தேவையில்லை. நம் ஊர்த் தோட்டங்கள் இந்தச் சிறு தளங்களைப் போன்றவைதான். ஆனால் பின்னால் சங்கமும் கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது. எனவே விதிகளை விருந்தாளியே கையோடு கொண்டுவர வேண்டியிருக்கிறது. அங்கே பழகித் தேறிய விதிகளில் நம் மண்ணுக்குப் பொருந்துபவற்றையும், இங்கே மட்டுமே தேவைப்படுபவற்றையும் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: எங்கே நிறுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காட்டுக்குள் நிறுத்தக் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். உள்ளே தீ மூட்டுவதும் குற்றம். தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலையும் இருக்கிறது. ஆனால் அதற்கான அனுமதிச் சீட்டு வழிகாட்டியோடு நடந்து வருவதற்கானது. அதைக் காட்டி இரவில் கூடாரம் அடிக்க முடியாது.

ஆற்று மணலில் நிறுத்தக் கூடாது. ஒகேனக்கல்லுக்கு மேலும் கீழும் காவிரிக்கரை மணல்திட்டுகள் பார்ப்பதற்கு முகாமிடவே செய்தவை போலத் தோன்றும். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறக்கும் தண்ணீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக இங்கே வந்து சேரும்போது, உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இருக்காது. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தைச் செய்திகளில் தினமும் கன அடியில் சொல்கிறார்கள். பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை வருவது அந்தக் கணக்கை வைத்துத்தான். போதாததற்கு ஆற்றில் முதலைகளும் உண்டு.

காய்ந்துகிடக்கும் ஏரியின் உட்புறமும், ஓடையின் தடமும் அப்படியே. ஏரிக்குள் மண் மெத்தென்று இருப்பதால் முளை எளிதாக இறங்கும். அந்த மெத்தென்ற மண்ணே அது தண்ணீரின் இடம் என்பதற்குச் சாட்சி. ஐப்பசி மாதத்து ஒரே மழையில் வண்டியின் அச்சுவரை சேறு ஏறிவிடும்.

பிறகு, கல் விஷயம். இந்த இரண்டு மாவட்டங்களும் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் இன்னும் பல நின்றுகொண்டிருக்கின்றன. வெறும் பலகைக்கல் என்று நினைத்து யாராவது கூடாரக் கயிற்றைக் கட்டினால், ஊர்க்காரர்களுக்கு அது சாமி. பொட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாத கல்லாக இருந்தாலும் கேட்காமல் தொடவேண்டாம். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். மழைக்கு ஒதுங்க நன்றாக இருக்கிறதே என்று அவற்றுக்குள் அடுப்பு மூட்டுபவர்களிடம் எனக்குப் பேச்சே எழுவதில்லை.

படி 2: புறப்படும் முன் தொலைபேசியில் கேளுங்கள்

உரிமையாளர் தானாகச் சொல்லமாட்டார் என்பதால் கேள்விகளை நீங்கள்தான் கேட்க வேண்டும். "நெருப்பு மூட்டலாமா?" என்று கேட்டால் "மூட்டிக்கொள்ளுங்கள்" என்றுதான் பதில் வரும். "நெருப்பு மூட்ட வழக்கமாக எந்த இடத்தைக் காட்டுவீர்கள், ஐயா?" என்று கேட்டால் உண்மை நிலவரம் வரும். "இந்த மாதத்தில் வேண்டாமே" என்றுகூட வரும். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளை இந்தப் பக்கம் கேட்டுப் பயனில்லை.

கேட்க வேண்டியவை சில. வண்டியின் நீளமும் உயரமும் இவ்வளவு; வாயில் எவ்வளவு அகலம், வழியில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா? கடைசியாக மழை பெய்தது எப்போது? மின்இணைப்பு வீட்டிலிருந்து வருகிறதா, மோட்டார் கொட்டகையிலிருந்தா? கழிவை எங்கே கொட்டுவது? குடிநீர் உண்டா? மாமரங்களுக்கு மருந்து அடிக்கும் நாளா? பூவெடுக்கும் மார்கழி முதல் மாசி வரை கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். மருந்து தெளித்த மரத்தடியில் குழந்தைகளோடு படுப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். இடத்தின் ஆள் அதைச் சொல்ல மறந்திருக்கலாம். அவருக்கு அது அன்றாட வேலை.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை முகாம் நடத்துவோரையும் கேரவன் பூங்கா நடத்துவோரையும் பதிவு செய்கிறது. பதிவு இருக்கிறதா என்று மரியாதையோடு கேட்கலாம். சிறு விவசாயியிடம் அதிகாரி விசாரிப்பதைப் போலக் கேட்காமல் இருந்தால் சரி.

படி 3: வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள்

பகல் ஒரு மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்கு முன். முந்தைய விருந்தாளி இடத்தைக் காலி செய்திருப்பார். உங்களுக்கும் மண்ணைப் பார்த்து நிறுத்த நேரம் இருக்கும். இருட்டிய பிறகு வருபவர் எல்லோருடைய கண்ணிலும் முகப்பு விளக்கை அடித்து, நாய்களை எழுப்பி, உரிமையாளரைச் சாப்பாட்டிலிருந்து எழவைத்துத்தான் நிறுத்துவார்.

தருமபுரியிலிருந்து சேலம் திசையில் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. விபத்துகளுக்குப் பெயர்போன சாலை. பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு போகும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள். வத்தல்மலை போன்ற கொண்டை ஊசி வளைவுச் சாலைகளில் இழுவைக் கேரவனைக் கொண்டுபோகவே வேண்டாம். கூடாரத்தோடு சிறிய காரில் போகலாம்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு, மிச்ச வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். மாட்டு வண்டிக்குப் போட்ட தடத்தில் டெம்போ டிராவலர் போகும். ஆனால் எதிரில் டிராக்டர் வந்தால் பின்வாங்க இடமிருக்கிறதா என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும். தோட்டத்துக்குள் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். பிரிட்டனின் தளங்களில் மணிக்கு 5 மைல் என்று பலகை வைப்பார்கள். அது சுமார் 8 கிலோமீட்டர். கோழியும் ஆட்டுக்குட்டியும் குறுக்கே ஓடும் நம் தோட்டங்களுக்கு அதுவே அதிகம். செம்மண் புழுதி எழும்பினால் களத்தில் உலர்த்தியிருக்கும் புளியின் மேல் போய்ப் படியும். (சாலையிலேயே கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் பரப்பி, போகிற வண்டிகளை வைத்தே போரடித்துக்கொள்வதும் இந்தப் பக்கத்து வழக்கம். அதன்மேல் ஓட்டினால் தவறில்லை, அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். இரு சக்கர வண்டியில் வருபவர்கள் மட்டும் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

படி 4: ஆறு மீட்டர்

ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரு கேரவனுக்கும் அடுத்த கேரவனுக்கும், ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் இடையே ஆறு மீட்டர். அதாவது இருபது அடி. பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடந்தால் எட்டுத் தப்படி. பிரிட்டனின் சங்கத் தளங்கள் எல்லாவற்றிலும் இதுவே அடிப்படை. கேரவனின் பக்கவாட்டில் துணிப்பந்தல் இழுத்துக் கட்டினால், அந்தப் பந்தலின் விளிம்புக்கும் பக்கத்தவருடைய பந்தலுக்கும் இடையே மூன்று மீட்டராவது எதுவும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும்.

இது தனிமைக்காக வந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நெருப்புக்காக வந்தது. கூடாரத் துணியும் கேரவனின் உள்பலகையும் பற்றிக்கொண்டால் அணைப்பதற்கு நேரமே இருக்காது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதுதான் செய்யக்கூடியது. அடுத்த கூடாரத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டுமானால் நடுவில் வெறும் நிலம் வேண்டும். வார இறுதியில் நண்பர்கள் பத்துப்பேர் சேர்ந்து வந்து, கூடாரங்களை ஒன்றோடொன்று ஒட்டி வட்டமாக அடித்து, நடுவில் நெருப்பு வளர்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். வட்டம் வேண்டுமென்றால் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்.

மூலையில் அடையாளக் கல் நட்டிருந்தால் வண்டியின் எந்த மூலை அதற்கு நேராக வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே மூலையைக் கணக்கு வைத்தால் மட்டுமே இடைவெளி ஒழுங்காக வரும். அடையாளமே இல்லையென்றால் நீங்களே எட்டுத் தப்படி வைத்து அளந்து, வாசலை மற்றவரின் வாசலுக்கு எதிராக வைக்காமல் திருப்பி நிறுத்துங்கள். வேறு இடமே காலியாக இருக்கும்போது, ஏற்கெனவே இருப்பவரின் பக்கத்திலேயே போய் நிறுத்துவது அநாகரிகம். நம் ஊர்ப் பேருந்தில் காலி இருக்கைகள் இருக்க, தெரியாதவரின் அருகில் உட்கார மாட்டோமே, அந்த நாகரிகம் இங்கேயும் செல்லும்.

தென்னைக்கு அடியில் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தைல மரமும் வேண்டாம், கிளை சொல்லாமல் முறியும். சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன் வீசும் காற்றில் மாங்காய்கள் கொட்டும். ஒரு பெங்களூரா மாங்காய் உச்சிக்கிளையிலிருந்து விழுந்தால் கூடாரம் கிழியாது, தலை தாங்காது. மரநிழல் பகலில் உங்கள் மேல் விழும்படியும், கிளை உங்கள் மேல் வராதபடியும் நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். பெரிய பாறையின் கீழோ பெரிய மரத்தின் கீழோ நிறுத்தும் முன் அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீக் கூடு தொங்கினால், அடுப்புப் புகை எழுந்த அடுத்த நிமிடம் எல்லோரும் ஓட வேண்டியிருக்கும்.

படி 5: மட்டம் பார்த்து, முளை அடித்து

கேரவன் என்றால் வரிசை இதுதான். முதலில் இடது வலது மட்டம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ்ப் பலகையோ சாய்கட்டையோ வைத்து வண்டியை ஏற்றுங்கள். கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அதற்குப் பிறகுதான் இழுவை வண்டியிலிருந்து கழற்றுவது. பிறகு கேரவனின் முன்னால் உள்ள சிறு சக்கரத்தைத் திருகி முன்பின் மட்டம். கடைசியாக நான்கு மூலைத் தாங்கிகளை இறக்குங்கள். அந்தத் தாங்கிகள் வண்டி ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும்தான், வண்டியைத் தூக்கும் ஜாக்கியாக அவற்றைப் பயன்படுத்தினால் வளைந்துவிடும். கொத்தனார் வைத்திருக்கும் சிறிய ரசமட்டம் ஒன்று போதும். எரிவாயுவில் ஓடும் கேரவன் குளிர்பெட்டி சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது என்பதால் மட்டத்துக்கு மதிப்பு உண்டு. டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டிகளுக்குக் கட்டையும் கைப்பிரேக்கும் போதுமானவை.

கூடாரக்காரர்களுக்கு இங்கேதான் சோதனை. கிருஷ்ணகிரி கருங்கல் பூமி. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. கோடையில் செம்மண்ணும் பாறைதான். வெளிநாட்டுக் கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் முதல் அடியிலேயே வளையும். கட்டடக் கம்பியில் வெட்டி வளைத்த இரும்பு முளைகளைக் கொல்லரிடமோ வெல்டிங் பட்டறையிலோ செய்து வாங்கிவாருங்கள். இறங்காத இடத்தில் காலி உரச்சாக்கில் மண்ணை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டுங்கள். கல்லில் கட்டலாம், வரப்புக் கல்லைப் பெயர்த்து அல்ல. ஆடிக் காற்றில் மண்சாக்கு முளையைவிட நன்றாகவே நிற்கும்.

முதல் முளை அடிக்கும் முன் சொட்டுநீர்க் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று உரிமையாளரைக் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். கறுப்பு நிறக் கிளைக் குழாய்கள் புல்லுக்குள் மறைந்திருக்கும். முதன்மைக் குழாய் மண்ணுக்குள் இருக்கும். ஒரு முளை துளைத்தால் அடுத்த பாசனத்தில் ஒரு வரிசை மரங்களுக்குத் தண்ணீர் போகாது. அது தெரியவரும்போது நீங்கள் ஊர்போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

கயிறுகள் நடைபாதையின் குறுக்கே வரக் கூடாது. வந்தே தீரும் என்றால் வெள்ளைத் துணி முடிந்து வையுங்கள். விடியுமுன் பால் கறக்கப் போகிறவர் அந்த வழியாகத்தான் நடப்பார். தொட்டில், ஊஞ்சல் கட்ட முதிர்ந்த மரம் போதும். ஒட்டு மாங்கன்றுகளில் கயிறு கட்டினால் பட்டை உரியும்.

படி 6: மின்சாரமும் எரிவாயுவும்

கணக்கு எளிது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் அதிகபட்சம் 3,680 வாட் தரும். 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட்தான். மின்கெண்டி 1,500 வாட், இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். தோட்டத்துச் சாக்கெட் பெரும்பாலும் 6 ஆம்பியர் என்பதை நினைவில் வைத்தால், தேநீர் போடும்போது தோட்டம் முழுவதும் இருட்டாவதைத் தவிர்க்கலாம். குளிர்சாதனத்தையும் அடுப்பையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கொண்ட நீட்டிப்பு வயர் எடுத்துவாருங்கள். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுவதும் பிரித்துத் தரையில் போட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பான் வண்டியில் இருப்பது அவசியம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கும் இடம் இது.

மோட்டார் கொட்டகையிலிருந்து மட்டும் இணைப்பு எடுக்காதீர்கள். விவசாய மோட்டாருக்குத் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசம், பாசனத்துக்காக மட்டும். அதில் கேரவன் ஓடினால் முறைகேடான பயன்பாடு ஆகிவிடும். அபராதம் வருவது உங்கள் பெயரில் அல்ல, விவசாயியின் பெயரில். அவரே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் மறுப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். 5 கிலோ சிறு சிலிண்டர் முகாமுக்குப் போதும். நிமிர்த்தி, வெளியில், நிழலில் வையுங்கள்.

படி 7: தண்ணீரும் கழிவும்

குடிநீரைக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே புளோரைடு பாதிப்பைத் தடுக்க வந்ததுதான், 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. ஓரிரு நாள் குடிப்பதால் கெடுதல் வந்துவிடாது என்றாலும், வீட்டுக்காரர் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் சேர்த்து வைத்திருப்பார். அதில் பங்கு கேட்பது அழகல்ல. குளிப்பதற்கும் வாளிக் கணக்குதான். கேரவன் தொட்டியை அவருடைய மேல்நிலைத் தொட்டியிலிருந்து நிரப்புவதானால் கேட்டுவிட்டு நிரப்புங்கள், மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துத்தான் அவர் தண்ணீர் ஏற்றுகிறார்.

பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கீழே ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். கேரவனின் அடிக்குழாயைத் திறந்துவிட்டு மண்ணில் ஓடவிடுவது வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் விதிமீறல். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஈ மொய்க்கும். உரிமையாளர் காட்டும் குழியில் ஊற்றுங்கள். கிணற்றருகே கூடவே கூடாது.

கேரவன் கழிப்பறையின் நீல மருந்து கிருமிகளைக் கொல்வதற்காகவே செய்தது. அதைத் தோட்டத்து மலத்தொட்டியில் கொட்டினால் அங்கே மக்கச் செய்யும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து சாகும். பார்மால்டிஹைடு இல்லாத பச்சை மருந்தைப் பயன்படுத்தினாலும் கேட்காமல் கொட்ட வேண்டாம். கழிப்பறையே இல்லாத இடமென்றால் கிணறு, ஓடை, ஏரியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்து நிலத்துப் பெண்கள் காலையில் வேலைக்கு வரும் வழி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 8: நெருப்பு

தை முடிந்து புல் காய்ந்துவிட்டால், கோடைமழை வரும்வரை திறந்தவெளி நெருப்பே வேண்டாம். மற்ற மாதங்களில் மூட்டுவதானால் தரையில் அல்ல, கால் வைத்த இரும்புத் தட்டில். மாமரத்தின் வேர் மேலாக ஓடும். மேலே மூட்டிய நெருப்பு அதை வேகவைக்கும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விறகை விலைக்கு வாங்குங்கள். கிடக்கும் சுள்ளி சும்மா கிடப்பதாகத் தோன்றும். அது யாரோ ஒருவருடைய அடுப்புக்கானது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, காய்ந்த புல்லின் நடுவே விளையாட்டுக் காட்டுபவர்களிடம் யாரும் பொறுமை காட்ட வேண்டியதில்லை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உயரமான மேட்டுநிலம். மார்கழி இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும். அப்போது அணையாத கரியடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ கேரவனின் பந்தலுக்குள்ளோ இழுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழாமலே போவார். கரி சிவப்பு மங்கி, சாம்பல் பூத்துக் கிடக்கும்போதும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். பிரிட்டனின் முகாம் சங்கங்கள் திரும்பத் திரும்பத் தரும் எச்சரிக்கை இது. குளிர் தாங்காவிட்டால் இன்னொரு கம்பளி எடுத்துவாருங்கள்.

படி 9: இரவு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. முகாமுக்கென்று தனியாக எழுதத் தேவையில்லை. திறந்த வெளியில், பாறைகளுக்கு நடுவே, பேச்சே வெகுதூரம் போகும். கார்க் கதவைத் திரும்பத் திரும்ப அடித்துச் சாத்துவது பாட்டைவிடத் தொந்தரவு. ஜெனரேட்டர் இரவில் வேண்டாம்.

ஒளிக்கும் இது பொருந்தும். கேரவனைச் சுற்றி விளக்குச் சரம் போட்டு விடியவிடிய எரியவிடாதீர்கள். பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது இந்த மாவட்டங்களில் புதிதல்ல. கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடுங்கள். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள். கடி பட்டால் நேரம் கடத்தாமல் 108.

யானை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும்போது பன்னார்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து, ஓசூரை அடுத்த சானமாவு, ராயக்கோட்டை வரை பிரிந்து நடமாடும். அது கேழ்வரகு முற்றும் பருவம். விவசாயிகள் பரண் மேல் இரவெல்லாம் விழித்திருந்து விரட்டுவார்கள். அந்த மாதங்களில் காட்டோரத்துக் கேழ்வரகு வயலின் பக்கத்தில் கூடாரம் அடிப்பது அவர்கள் வேலையைக் கெடுப்பது. விரட்டப்பட்ட யானை உங்கள் பக்கம் திரும்பலாம். வாழைப்பழம், பலா, மாம்பழம், உப்பு எதையும் துணிக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வண்டிக்குள் பூட்டுங்கள். அந்தி சாயும்போது வனத்துறையோ ஊர்க்காரரோ "இன்று இந்தப் பக்கம் நிற்கிறது" என்று சொன்னால், முன்பணம் கொடுத்திருக்கிறோமே என்று வாதாடாமல் இடத்தை மாற்றுங்கள். பார்க்கப் போகாதீர்கள், விளக்கடிக்காதீர்கள், பட்டாசு வெடிப்பவர்களோடு சேர்ந்து கத்தாதீர்கள்.

படி 10: பக்கத்தவரோடும் தோட்டத்தோடும்

மற்றவர் இடத்துக்குள் குறுக்கே நடக்காதீர்கள். குளியலறைக்குப் போகும் குறுக்குவழி அதுவாக இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். பிரிட்டனில் மிக அதிகமாக மீறப்படும் விதியும், மிக அதிகமாகப் புகார் வரும் விதியும் இதுதான் என்று முகாமிடுபவர்கள் சொல்வார்கள். இங்கே வரப்பில் நடப்பவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நாயைக் கயிற்றில் வையுங்கள். ஊர் நாய்களோடு சண்டை ஒருபுறம், ஈன்ற ஆடு பயந்து ஓடுவது மறுபுறம்.

மாம்பழம் பறிக்காதீர்கள். உரிமையாளர் "ஒன்று பறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. இந்தப் பக்கத்தில் பல தோப்புகளின் விளைச்சல் காய்க்கும் முன்பே வியாபாரிக்குக் குத்தகைக்குப் போய்விடும். மரம் அவருடையது, காய் வியாபாரியுடையது, காவலாளும் வியாபாரியின் ஆள். கீழே விழுந்ததும் கணக்கில் உண்டு. வேண்டுமானால் காவலாளிடம் விலை கேட்டு வாங்குங்கள். செந்தூராவும் மல்கோவாவும் அங்கேயே வாங்கும் விலைக்கு நகரத்தில் கிடைக்காது.

டிரோன் வேண்டாம், சரணாலய எல்லைக்கு அருகில் நிச்சயமாக வேண்டாம். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தளி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். "அண்ணா", "அக்கா" எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும்.

படி 11: கிளம்பும்போது

காலை 11 மணிக்குள் காலி செய்யுங்கள். வந்த வரிசையைத் தலைகீழாக்கினால் போதும்: தாங்கிகளை ஏற்று, இழுவையில் மாட்டு, பிறகு கட்டையை எடு. மின்வயரைக் கழற்றினீர்களா, எரிவாயுவை மூடினீர்களா, கூரைச் சாளரம் மூடியிருக்கிறதா என்று வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

முளைகளை எண்ணி எடுங்கள். புல்லில் விட்டுப்போன ஓர் இரும்பு முளை மாட்டின் குளம்பிலோ டிராக்டர் சக்கரத்திலோ ஏறும். பாட்டில்களை, முழுதோ உடைந்ததோ, ஒன்றுவிடாமல் எடுத்துப்போங்கள். காட்டோரத்தில் உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழித்துச் சீழ் வைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டவை. அவற்றைக் கொண்டுவராமல் இருந்தால் திரும்ப எடுத்துப்போகும் வேலையும் இல்லை. மிச்சக் குப்பையை உரிமையாளரின் குப்பைக்குழியில் போடாமல் ஊருக்குக் கொண்டுபோய் நகராட்சித் தொட்டியில் சேருங்கள். குழியில் விழுவதை அவர் எரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

சேற்றில் சக்கரம் புதைந்து டிராக்டர் வந்து இழுத்திருந்தால், ஓட்டியவர் "இதற்கெல்லாம் காசா" என்று மறுப்பார். டீசல் செலவு என்று சொல்லிக் கையில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார். வாயிற்கதவு வந்தபோது மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். மாடு எந்தப் பக்கம் மேய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.